தேயாதது

ஹட்டனில் பஸ் ஏறியதிலிருந்து
வாயில் ஒரு புளிப்பு டொபியை அதக்கிக்கொண்டிருந்த
மதினி செபமாலை
கினிகத்தேனை வளைவில் கேட்டாள்:
"பேராதனையில என்னதான் செய்யிற நீ?"

துரு செய்கிறேன் என்றேன்.

சிரித்தாள்.
"மேட்டு லயத்துத் தகரத்துல
நாப்பது வருசத்துத் துரு கெடக்கு,
ஒரு வார்த்த சொல்லியிருந்தா
சொரண்டி அனுப்பியிருப்பேன்."

இது வேற துரு, மதினி.
கொழுந்துக் கறை ஏறிய உன் நகக்கண்ணில்
கோடிக்கோடியாய் அடங்கும்.

கவ்வாத்துக் கத்தி அண்ணன் காலில் இறங்கியபோது
டிஸ்பென்சரியில் தவிட்டு நிறப் போத்தலைச் சரித்தார்களே,
காயம் உலைபோலப் பொங்கியதே,
அந்தத் தண்ணியைக் கட்டி தானே சுரக்குது,
வளருகிற அவசரத்தில்.
புளிப்பையும் சேர்த்து.
புளித்த இடத்தில் துரு இளகும்.
இளகின இரும்பு அந்தத் தண்ணியைத் தொட்டால்
ஒரு வெறி பிறக்கும்.
நொடியை நூறு கோடியாய்க் கிள்ளினால்
அதில் ஒரு கிள்ளுதான் அதன் ஆயுசு.
பிறந்த வாசலைத் தாண்டாது,
பக்கத்துக் காம்பிராவைக் கொளுத்தாது
என்று நம்புகிறோம்.

"அப்ப இரும்பு தீந்து போயிராதா?"

தீராது.
சுட்டுவிட்டு, பழைய உருவுக்குத் திரும்பி
அடுத்த பெரட்டுக்கு நிற்கும்.
வினையூக்கி என்று பேர்.
வேலை செய்தும் தேயாதது.

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நாவலப்பிட்டி கழிந்து
கம்பளையில் கடலை விற்பவன் ஏறி இறங்கி
வெகுநேரம் கழித்து:
"இருவத்தாறு வருசம்.
பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் ஒரு பேரு.
வேல செஞ்சும் தேயாதது
எங்க மலையில
ஒரு சட்டிகூட இல்லடி."

பேராதனை வந்தது. நான் இறங்கவில்லை.
என் தட்டுகளில் இருப்பவை எலியின் செல்கள் என்பதையும்,
செவ்வாய்க்கிழமை
பாதித் தட்டுகள் சாகாமல் கிடந்ததையும்
சொல்லவில்லை.

கண்டி. பதினோராம் இலக்க வார்டு.
நரம்பு பிடிபடாமல் தாதி மூன்றாம் முறை குத்தினாள்.
வெறுஞ்சாயத்தைவிடச் சிவந்த மருந்து
குழாயில் இறங்கத் தொடங்கியது.
அது தோட்டம் பிரித்து வெட்டத் தெரியாத கத்தி:
முடி, நாக்கின் ருசி, நகம்,
வழியில் எது நின்றாலும்.

"ஒன்னோடது எப்ப வரும்?"

பத்து வருசம் ஆகலாம், மதினி.
வராமலும் போகலாம்.

கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் பார்த்தாள்,
தராசுக்காரன் கழித்த ஈரக் கொழுந்தை
மனசுக்குள் திரும்பக் கூட்டுகிறவள் மாதிரி.
சின்னவள் ஓ லெவல். மூத்தவன் கொழும்பில் கடையில்.

போத்தல் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்ந்தது.

"சரி," என்றாள்,
ஊசி ஏறாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்து,
"வெரசாச் செய்."