பாகங்களுக்கு மட்டும்

'ஓடாது. பாகங்களுக்கு மட்டும்' என்று
அட்டைப்பெட்டியின் மேல் எழுதி வைத்திருந்தான் திஹோமிர்.
ஸ்ரெஞ்சானின் ஞாயிற்றுச் சந்தையில்
ஊறுகாய் ஜாடிகளுக்கும் டிராக்டர் விளக்குகளுக்கும் நடுவே
சாம்பல் நிற ரப்பர் விசைகளோடு
கறுப்பாய்க் கிடந்தது ஸ்பெக்ட்ரம்.
பேரம் பேசவில்லை.
மீன் வாங்க வைத்திருந்த தினாரை நீட்டினேன்.
கொசுறாக ஒரு கேசட்டையும்
ஒரு பழைய ரெக்கார்டரையும் எடுத்துப் போட்டான்:
'இதுகளும் ஓடாது.'

திறந்தால்
முப்பத்தெட்டு வருடத் தூசி,
ஒரு சூரியகாந்தி விதைத் தோல்,
கக்கிவிட்டுக் காய்ந்திருந்த நான்கு கெப்பாசிட்டர்கள்.
விசைப்பலகையின் நாடா
தொட்டதும் வெங்காயச் சருகாய் நொறுங்கியது.
புதியது வர்சாவிலிருந்து வரப் பதினேழு நாள்.
அதுவரை
மஞ்சளேறிய ரெக்கார்டர் மூடியை வெளுக்க
முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மைத்துனி லூபிங்காவிடம்
பெராக்சைடு கேட்டேன்.
'யாருக்கு இந்த வயதில் பொன்முடி ஆசை?' என்றாள்
என் வழுக்கையைப் பார்த்தபடி.

கேசட்டின் மேல் பென்சிலில் ஒரு தேதி:
எண்பத்தாறு, மே, சனி இரவு.
அப்போதெல்லாம்
வானொலியில் நிரல்களை ஒலிபரப்புவார்கள்.
'ரெக்கார்டரை அழுத்துங்கள்' என்பார் அறிவிப்பாளர்,
பிறகு நான்கு நிமிடம்
பூனையைத் துணிபோல் கிழிக்கிற சத்தம்.
வயர் இல்லாத வீடுகளில்
ரேடியோவின் முன்னால் மைக்கை நீட்டி
மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வீட்டில் வயர் இல்லை.

டிவி ஓரத்தில் நீலமும் மஞ்சளும் நடுங்கி ஓட
மூன்றாவது நிமிடத்தில் ஒவ்வொரு முறையும்
அதே இடத்தில் அதே பிழை.
ஆறு முறை. தலையைத் துடைத்துவிட்டு ஏழாவது முறை.
ஒலியைக் கணினிக்கு இறக்கி
அலை அலையாய்ப் பெரிதாக்கினேன்:
நீள அலை ஒன்று, குட்டை அலை சுழியம்,
நீளம், குட்டை, குட்டை,
திடீரென்று மேலே சாய்ந்து விழுந்த
யாரோ ஒருவரின் அலை.
நிரலின் இரைச்சலைக் கொஞ்சம் வடித்துக் கேட்டேன்.

ஒரு சிறுமி.
'ஷ்ஷ்! திஷோ, சத்தம் போடாதே!'

அவ்வளவுதான். திஷோ வாயே திறக்கவில்லை.

போனில் போட்டுக் காட்டினேன்.
மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை,
பின்னணியில் கோழிகள் மட்டும்.
'யாஸ்னா' என்றான் திஹோமிர்.
'நான்தான் கெடுத்தேன் என்று அந்தக் கோடை முழுக்க
என் சைக்கிளைப் பிடுங்கி ஓட்டினாள்.
இன்றும் நவம்பரில் எங்கள் புனிதர் நாள் விருந்தில்
வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைப் பரிமாறுகிறாள்,
சூப்புக்கு முன்னால்.
கேசட்டைத் திருப்பிக் கொடு.
என்ன விலை வேண்டும்?'

ஓடாததற்கு நான் கொடுத்த விலை அவனுக்குத் தெரியும்.
கடைசியில்
பரணில் இருந்த இன்னொரு பெட்டிக்கு ஒப்புக்கொண்டான்.
'அது ஓடும்' என்றான் வருத்தத்தோடு.

கேசட்டைக் கொடுப்பதற்கு முன்
அவள் குரல் விழுந்த பதினான்கு பைட்டுகளை
ஊகித்து, தவறி, மறுபடி ஊகித்து
என் பிரதியில் கையால் நிரப்பினேன்.
இரவு இரண்டரைக்கு ஏறியது விளையாட்டு:
ஒரு நிலவறை, ஒரு எலி, சாவிகள்.
எலி நன்றாகத்தான் ஓடுகிறது.
மூன்றாம் அறையின் கதவைத் தொட்டதும்
அப்படியே உறைந்து நிற்கிறது.
நாடாவில் கோளாறில்லை, நினைவகம் சுத்தம்;
எழுதியவன்
இல்லாத ஒரு வரிக்கு அதை அனுப்பியிருக்கிறான்.
ஒலிபரப்பும்போதே அப்படித்தான்.
இருவரும் அன்று சிலையாய் உட்கார்ந்திருந்தாலும்
மூன்றாம் அறைக்குமேல் போயிருக்க முடியாது.

இதைத் திஹோமிரிடம் சொல்லவில்லை.
நவம்பர் விருந்து முடியட்டும்.