ஏழாம் எண் சாடி

கண்ணாடி வயிற்றுக்குப் பசி கிடையாது.
முப்பத்தேழு பாகையில்
பேராதனையின் மழை இரவெல்லாம் குலுங்குகிறது.

காளானைக் காய்ச்சி எடுத்த பசையை
முதலில் உமிழ்நீரில் விட்டேன்.
சோற்றை இனிப்பாக்கத் தெரிந்த உமிழ்நீர்
இந்தச் சங்கிலியின் கணுவைத் தடவிப் பார்த்து
விலகிக்கொண்டது.
அமிலத்தில் இரண்டு மணி நேரம்.
பித்தத்தில் இன்னும் இரண்டு.
நிறுத்தால், ஏறக்குறைய அதே எடை.

இனிப் பெருங்குடல்.
அதைக் கடையில் வாங்க முடியாது,
யாராவது தர வேண்டும்.

வட்டவளையில் டிரையர் அடுப்புக்கு விறகு போடும் சவரிநாதன்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மூன்று மாதத்துக்குள் அன்டிபயோட்டிக்?
"காய்ச்சலுக்கே மருந்து எடுக்கல்ல மிஸ்."
காலை ஐந்தே முக்காலுக்குத் தந்தார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மூன்று மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.
பெட்டி என் மடியில்.
கினிகத்தேனை வளைவுகளில்
குழந்தையைப் போல அணைத்துப் பிடித்தேன்.
"மீனா?" என்றார் கொண்டக்டர்.
ஆமாம் என்றேன்.
மீன் என்றால் யாரும் இறங்கச் சொல்வதில்லை.

மூன்றாம் எண் யாரென்று நான் சொல்லக் கூடாது.
போத்தல் ஆறாயிரம் ரூபாய்க்கு இதே பொடியை வாங்கித்
தினமும் சுடுநீரில் கலக்கிக் குடிப்பவர்.
அவருடைய சாடி நள்ளிரவுவரை
பிரசங்கம் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தது.

ஏழு பொங்கிற்று.
ரப்பர் மூடியைத் தூக்கி,
மேசையில் வழிந்து,
புளித்த மாவும் கெட்ட வெண்ணெயுமாய் ஒரு நாற்றம்.
கருவி அந்த நாற்றத்தை மூன்று மலைகளாக வரைந்தது.
மூன்றாவது மலை
குடற்சுவர் உண்ணும் சோறு.

அவர் தின்ற ரொட்டியா, பலாக்கொட்டையா, வல்லாரையா
எது இந்தப் பூட்டுக்குச் சாவி வளர்த்ததென்று
எழுத எனக்கு உரிமை இல்லை.
பன்னிரண்டு பேர் போதாது.

சனிக்கிழமை போன் எடுத்தார்.
"நம்ம சாமான் பாஸா மிஸ்?"
பாஸ் என்றேன்.
"அந்தக் காளான் என்ன விலை?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் அடுப்புக் கதவு சாத்தும் சத்தம்.
பிறகு, பஸ் காசு எப்போது வரும் என்று கேட்டார்.

சாடியை இன்னும் கழுவவில்லை.
பசை முழுதும் தீர்ந்துவிட்டது,
ஆனாலும் ஒரு குமிழ் எழும்பி உடைகிறது,
இன்னொன்று.
என் குறிப்பேட்டின் முதல் வரியை
அடித்துவிட வேண்டும்.