பால் வெட்டாத மாதம்

பிப்ரவரியில் ரப்பர் இலை கொட்டிவிடும்.
கத்தி ஓரமாய்க் கிடக்கும், சிரட்டைகள் கவிழ்ந்திருக்கும்.
போவதானால் அப்போதுதான் போகவேண்டும் என்று
கீரிப்பாறை ஏற்றத்தில் வைத்து
விஜிலா சொன்னபோது செப்டம்பர்,
நல்ல மழை.

எங்கே என்று கேட்டோம்.
அசாம், என்றாள். காண்டாமிருகம் பார்க்க.
ஏன் காண்டாமிருகம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
யானை உள்ள பக்கம் வேண்டாம் என்று மட்டும்
கனகபாய் சொன்னாள்.
அங்கேயும் யானை உண்டு என்பதை
அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மகனின் பழைய வேதியியல் நோட்டைப்
பின்பக்கமாய்த் திருப்பி எழுத ஆரம்பித்தேன்.
கன்னியாகுமரியில் புறப்படும் ரயில்,
நாகர்கோவிலில் நாம் ஏறவேண்டும்.
மூன்று ராத்திரி உள்ளே கிடந்தால்
நாலாம் நாள் காசிரங்கா பக்கம்.
போக, வர, தங்க, பத்து நாள்.
இரண்டு ஞாயிறு ஆராதனை போய்விடும்.
குழுக் கடன் ஆளுக்குப் பன்னிரண்டாயிரம்,
போனஸில் பாதி,
அவல், முறுக்கு, ஏத்தங்காய் வற்றல்,
ரெஜினாளுக்கு வாந்தி மாத்திரை.
தேங்காயெண்ணெய் அரை பாட்டில் என்று யாரோ சொல்ல
அதையும் எழுதினேன்.

காட்டுக்குள் போகிற சட்டங்களை
ரெஜினாளின் மகள் போனில் பார்த்து வாசித்தாள்:
பளிச்சென்ற நிறம் உடுத்தக் கூடாது.
(எங்கள் நாலு பேர் சட்டையும்
புருஷன்மார் கழித்துப் போட்டவை,
பால் கறை பிடித்து மண் நிறம்.)
வாசனை பூசக் கூடாது. சத்தம் கூடாது.
இறங்கக் கூடாது.
காலை ஐந்தரைக்கெல்லாம் வாசலில் நிற்கவேண்டும்.

"அஞ்சரையா?
அப்பம் அந்த ஊர்ல போயாவது
விடியது வரை ஒறங்கலாம்" என்றாள் கனகபாய்.

நவம்பரில் ஒரு நாள்,
மூன்று மணி இருக்கும்,
பதினாலாம் பிளாக் வழியில் நின்றது.
லைட்ட அணையுங்கட்டி.
நாலு நெற்றியும் இருண்டன.
ஈத்தல் ஒடிகிற சத்தம்.
பிறகு சத்தமில்லை, அது இன்னும் மோசம்.
ரப்பர் மூட்டோடு முதுகை ஒட்டி
எவ்வளவு நேரம் நின்றோமோ,
என் காதுக்குள் விஜிலாவின் மூச்சு:
"ஜீப்புக்கு எவ்ளவுன்னு சொன்ன?"
சொன்னேன்.
"நாலா பிரிச்சா?"
அதையும் சொன்னேன்.

அன்றைக்கு வெட்டத் தொடங்கும்போதே வெயில் வந்துவிட்டது.
பால் பாதிதான்.
சூப்பர்வைசர் நோட்டில்
யானைக்கென்று கட்டம் இல்லை.

காசு கொடுத்து மிருகம் பார்க்கவா என்று
வீட்டில் அவர் சிரித்தார்.
பதினேழு வருஷமாய் இந்தக் காட்டில் ஏறுகிறேன்.
யானையைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன்:
மரமென்று நினைத்த ஒரு கால்,
வெளிச்சத்தில் ஒரு தடவை அசைந்த காது,
மறுநாள் வழியில் ஆறிக் கிடக்கும் பிண்டம்.
ஒரே ஒரு முறை
ஏதாவது ஒன்றை
பகலில், முழுதாய், வால் முடிய
உட்கார்ந்து பார்க்கவேண்டும்.
பயப்படுகிற வேலையை
டிரைவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
சாளைக் கறியை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

டிசம்பரில் கோட்டாறு ஸ்டேஷனில்
வரிசையில் நின்று எழுதிக் கொடுத்தோம்.
மூன்று பேருக்கு இடம் கிடைத்தது.
நாலாவது வெயிட்டிங் லிஸ்ட், பதினொன்று.
அது யார் பெயர் என்று காட்டாமல்
விஜிலா சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில்
பேசாமல் இருந்து பழகுவோம் என்றாள் ரெஜினாள்.
பழகினோம்.
கண்டக்டர் கேட்டதற்கும் விரலைத்தான் காட்டினோம், நாலு.
திட்டுவிளை வரை தாங்கினாள் கனகபாய்.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, மெதுவாக,
"அந்தப் பதினொண்ணு நானாத்தான் இருப்பேன், இல்லியா?"