அழுக்கானவற்றை

சிர்க்காவுக்குக் காய்ச்சல்.
நூலகப் பேருந்தில் இன்று நான் மட்டும்.
"முத்திரை குத்து, கதவை மூடு, அது போதும் தவுனோ"
என்றாள் தொலைபேசியில், இரண்டு இருமலுக்கு நடுவே.
போதாது என்பது
இனாரி ஏரி தாண்டி, கலைமான் வேலியோரம் நிற்கும்
முதல் நிறுத்தத்திலேயே தெரிந்துபோனது.

பிற்பகல் மூன்று மணி. நடுராத்திரி இருட்டு.
சூரியன் ஜனவரி வரைக்கும் விடுப்பில்.
படிக்கட்டில் பனிக்காலணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு
கம்பளிக் காலுறையோடு ஏழு பேர் ஏறினார்கள்,
எழுத்துக் கூட்டுவது முதல் மீசை அரும்புவது வரை
எல்லா அளவிலும்.
"நல்ல புத்தகம் எது?"
முன்பல் இல்லாத ஒன்று கேட்டது.

பதினெட்டு வருடமாய் இந்த வண்டியை ஓட்டுகிறேன்.
ஒரு புத்தகத்தையும் முழுசாய்ப் படித்ததில்லை.
கற்பூர வாசனை தெரியாத கழுதைதான், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் பொதி சுமந்தது இந்த முதுகு.
எது எப்படிப் போய் எப்படித் திரும்பும் என்பது
எனக்குத் தெரிந்த அளவு சிர்க்காவுக்கும் தெரியாது.

இதோ, இந்த நீல அட்டை.
இரண்டு வாரம் என்று போய் ஏழு மாதம் கழித்து வந்தது.
மூன்று நினைவூட்டல் கடிதம்.
தொலைந்தேவிட்டது என்று சாதித்தவன்
பனி உருகும் சமயம் என் கண்ணைப் பார்க்காமல் நீட்டினான்.
எடுத்துக்கொள்.

இதன் நாற்பதாம் பக்கத்தில் சால்மன் சூப்.
சாப்பிடும்போதும் கீழே வைக்க மனம் வராத எவரோ.
இதில் அடுப்புப் புகை.
இதன் மூலையை நாய் தின்றிருக்கிறது
(நாய்க்கும் ரசனை உண்டு).

தங்க வட்டம் ஒட்டிய இது பரிசு வாங்கியதாம்.
போன மொடமொடப்போடு அப்படியே திரும்பும்,
விருந்துக்குப் போய்க் கை நனைக்காமல் வந்தவர் மாதிரி.
வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
உன் பசி எனக்கென்ன தெரியும்.

ஊலா மட்டும் எதையும் தொடவில்லை.
பன்னிரண்டு வயது, வார்த்தைக்கு வரி கட்டுபவன் போல.
கடைசியில்,
"யாருமே எடுக்காதது இருக்கா?"
முழங்காலிட்டுத் தேடினோம் இரண்டு பேரும்.
சூடாக்கும் பெட்டிக்குப் பின்னால்
பாசிகளைப் பற்றி ஒன்று,
தேதித்தாளில் ஒரு முத்திரைகூட இல்லாமல்.
கோட்டுக்குள் விட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டான்.
என் சாஸ்திரம் அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

இன்னொன்று உண்டு. தடித்தது. மூடினாலும் மூடாது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் உப்பியிருக்கும்.
ஒருவர் அழுதால் தாள் அப்படி ஆகாது,
வரிசையாய் அழுதிருக்க வேண்டும்.
ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில்
அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்தேன்.
கொட்டகையைப் பூட்டாதே என்று
யாரோ யாரிடமோ சொல்கிறார்கள்.
அவ்வளவுதான்.
இதற்கா?

நான் இதைச் சொன்னதும் ஈரிஸ் முறைத்தாள்.
பதினாலு வயது. உப்பியதில் அவள் பங்கும் உண்டு போல.
"நேரா அந்தப் பக்கத்துல போய் இறங்கினா எப்படி?
முதல்லேர்ந்து வரணும்.
நீங்க பஸ் ஓட்டறவர்தானே?"

தன் அட்டையிலேயே பதிந்து, முத்திரையும் அவளே குத்தி,
என் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
காலணியை மாட்டிக்கொண்டே,
"ஜனவரி ஒன்பது கடைசித் தேதி.
என் பேர் கெடக் கூடாது."

இரவு சிர்க்கா மறுபடி அழைத்தாள்.
என்னவெல்லாம் சிபாரிசு செய்தாய்?
அழுக்கானவற்றை, என்றேன்.
சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.

வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது.
பதினேழாம் பக்கம்.
கொட்டகையை இன்னும் கட்டவே இல்லை.
மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.