அட்டை மறைப்பு

போன தேர்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து
மூன்று மாடி இறக்கினார்கள் என்னை,
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பையன்கள் நால்வர்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது.
நைட்டி முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது.
இழுத்துவிட என் கைக்கு நேரமாகும்.
அதற்குள் பள்ளிக்கூட வாசல், யாரோ படம் எடுத்தார்.
மாலைப் பேப்பரில் வந்தேன்:
கடமை தவறாத மாற்றுத்திறனாளி.
பெயர் மட்டும் வேறு யாருடையதோ.

இந்த முறை படிவம் 12டி.
வீடு தேடி வந்த சரளாதேவி
அதை என் வயிற்றின் மேல் வைத்தே நிரப்பினார்,
எங்களிடம் வேறு மேஜை இல்லை.
"அப்புறம் மனசு மாறி பூத்துக்கு வந்தா
ஓட்டு கிடையாதும்மா, பாத்துக்கோங்க."
மனசு மாறினாலும் கால் மாறாதே என்றேன்.
சிரிக்கலாமா கூடாதா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு
சான்றிதழ் நகலைக் கேட்டார்.
அதன்படி நான் எண்பது சதவீதம் ஊனம்.
மீதி இருபதில்தான் குடித்தனம்.

செவ்வாய்க்கிழமை, பத்திலிருந்து ஒன்றுக்குள் என்று எஸ்எம்எஸ்.
தயாளன் வேலைக்குப் போகவில்லை.
விடியுமுன் என்னைத் துடைத்து
சிறுநீர்ப் பையை மாற்றி
தலை பின்னிவிட்டான், எப்போதும்போல் இடப்பக்கம் கோணலாக.
பையின் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடினான்.
எடுத்தான். மறுபடி போட்டான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார்கள், மூச்சு வாங்க, ஐந்து பேர்.
பத்துக்குப் பத்து அறை.
போலீஸ்காரர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.
வீடியோக்காரரின் முதுகு கேஸ் அடுப்பில்.
"வேளாங்கண்ணி, வயசு முப்பத்தொன்பது, நீங்கதானே?"
நான்தான்.
"உதவிக்கு ஆள் வேணுமா?"

தயாளன் ஓரடி முன்னால் வந்துவிட்டான்.
பல் துலக்க, புரட்டிப் படுக்க வைக்க,
காதில் அரித்தால் சொறிய
எதற்கும் அவன் எடுத்து வைக்கும் அதே அடி.
நான் குறை சொல்லவில்லை.
"வேணாம் சார். பேனா பிடிப்பேன்."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளியே இருக்கணும் சார்."

அவனை யாரும் சார் என்றதில்லை.
இந்த ஆறு வருடத்தில்
வெளியே இரு என்றும் யாரும் சொன்னதில்லை.
செருப்பைத் தேடினான்.
சொந்த வீட்டு வாசலில் நிற்க எதற்குச் செருப்பு?

சீட்டு பறக்கிறது என்று ஃபேனை நிறுத்தினார்கள்.
மூன்று பக்கம் மடிக்கிற அட்டையை
என் மடிமேல் நிறுத்தினார்கள்.
கேமரா சுவரைப் பார்த்தது.
அதிகாரிகள் காலண்டரைப் பார்த்தார்கள்.

ஜிஹெச்சில் பதினோரு மாணவர்கள்
சுற்றி நின்று படித்த உடம்பு இது.
எனக்கு எந்த நேரத்தில் எது என்று
எதிர்வீட்டு அஞ்சலைக்குக்கூடத் தெரியும்.
அட்டைக்கு இந்தப் பக்கம்
பதினேழு பெயர், கடைசியில் நோட்டா, அப்புறம் நான்.

ரப்பர் பேண்டில் விரலோடு கட்டிய பேனா
ஒரே இழுப்பில் போட்டுவிட்டது குறியை.

"முடிஞ்சுதாம்மா?"
"இல்ல சார்."

பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் ஒன்று
சிக்னலுக்காகக் கத்திக்கொண்டிருந்தது.
வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது.
துடைக்க யாரும் வரவில்லை.
வரவில்லை என்பதை
உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சுதா?"
"இன்னும் ஒரு நிமிஷம்."

உறைக்குள் போட்டு ஒட்டி, அதை இன்னோர் உறைக்குள் போட்டு ஒட்டி
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
மை வைக்கவில்லை.
மடக்கிய அட்டை அக்குளில் ஏறி
அடுத்த பிளாக்குக்குப் போனது.

தயாளன் உள்ளே வந்து துப்பட்டாவை எடுத்தான்,
பையைப் பார்த்தான், மூக்கைத் துடைத்தான்.
சாதம் பிசையும்போது, தலையைத் தூக்காமல்,
"நம்ம ஆளுக்குத்தானே போட்ட?"

ஃபேனைப் போடு என்றேன்.