வாங்கும் விலை, விற்கும் விலை

வெள்ளவத்தையில் நாணயம் மாற்றும் கடை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
எண்ணும் இயந்திரம், ஊதா விளக்கு, ஈரப் பஞ்சு.
மழை பிடித்த மூன்று மணி.
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
தண்ணீரை வாரி இறைத்துப் போகிறது.
ஆள் வராத நேரத்தில் அமெரிக்கா வரும்:
அவர்களுடைய ஜனாதிபதிகளில் ஆர் பெரியவர் என்று.

தொடக்கி வைப்பவர் முதலாளி, நிஸ்தார் நானா.
அவருக்கு ரூஸ்வெல்ட்.
"நடக்க ஏலாத மனிசன்.
விழுந்து கிடந்த நாட்டையே நிமித்தி வெச்சாரே."
எந்த நோட்டில் இருக்கிறார் என்று கேட்டேன்.
பத்துச் சதக் காசில்.
சில்லறை மாற்றப்பட மாட்டாது என்று
கதவில் எழுதி ஒட்டியதும் அவர்தான்.

எனக்கு ஒற்றை டாலர்க்காரர்.
இரண்டு தவணை இருந்தார், போதும் என்று
எழுந்து வீட்டுக்குப் போனார்.
அடிமைகள் வேலை செய்த வீடு அது, தெரியும்.
போனார் என்பதைத் தவிர வேறெதையும் நான் புகழவில்லை.
ஆனால் நாற்காலியை விட்டுத் தானாக எழுந்த ஒருவரை
இந்த ஊரில் இருந்துகொண்டு
எப்படிச் சும்மா கடந்து போவது?
நிஸ்தார் நானா சிரித்தார்.
வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

இருபதை ஒருவரும் எடுக்கவில்லை.
பூர்வகுடிகளை ஊரோடு கிளப்பி நடக்க விட்டவர்.
"வழியில எத்தினை சனம் செத்தது" என்றபோது
தவநேசனின் குரல் இறங்கிப் போயிற்று.
பக்கத்துக் கடையில் கைபேசி திருத்துபவன்.
அவனும் ஒரு காலம் நடந்தவன்,
பதினொரு வயதில், வன்னியில்.
எவ்வளவு தூரம் என்று நாங்கள் கேட்டதில்லை.

அவனுக்கு லிங்கன்.
"விலங்கை உடைச்ச மனிசன். அதுக்கு மேல என்ன வேணும்?"
மணிப்பர்சிலிருந்து ஐந்து டாலரை எடுத்து
சாட்சிக்கு வைப்பதுபோல் மேசையில் வைத்தான்.
நியூஜெர்சி மச்சான் கலியாணத்துக்கு வந்தபோது கொடுத்தது.
மாற்றவே மாட்டான்.

அப்போதுதான் நந்தசிறி வாய் திறந்தான்.
எதிர் வங்கியின் காவலாளி, மழைக்கு ஒதுங்கியவன்,
எங்கள் தமிழ் அவனுக்குப் பாதி விளங்கும்.
லிங்கன்தான், நானும் அவரைத்தான் சொல்லுவேன்
என்றான் சிங்களத்தில்.
தவநேசன் கை கொடுக்க நீட்டினான்.
நாட்டை உடைய விடவில்லையே, அதற்காக
என்று முடித்தான் நந்தசிறி.

கை நடுவழியில் நின்றது.

ஒரே தாடி, ஒரே குழி விழுந்த கன்னம்.
ஒருவன் அந்தக் கைகள் அவிழ்த்ததைப் பார்க்கிறான்,
மற்றவன் கட்டியதை.
இரண்டும் ஒரே போரில்தான் நடந்தன.
"அங்க பிரிஞ்சு போனவன்
அடிமை வைச்சிருக்கத்தான் பிரிஞ்சவன்" என்றான் தவநேசன்,
தமிழில், மேசையைப் பார்த்து.
அதை நான் சிங்களத்தில் மாற்றிச் சொல்லியிருக்கலாம்.
மாற்றுவதுதான் என் வேலை.
சொல்லவில்லை.

குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார்.
மூன்றாக மடித்த நூறு டாலர், மகள் கொடுத்தனுப்பியது.
"இவர் ஆர் பிள்ளை, நல்ல ஜனாதிபதியோ?"
ஜனாதிபதியே இல்லை அம்மா.
"அப்ப ஏன் இவருக்கு இவ்வளவு விலை?"
மூன்று பேரும் சிரித்தார்கள்,
கொஞ்சம் பிந்தி, தனித்தனியாக.
ஊதா விளக்கில் பிடித்தேன். நல்ல நோட்டு.
ரூபாயை அவர் இரண்டு தரம் எண்ணிக்கொண்டு போனார்.

மழை விட்டது.
நந்தசிறி தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு
தன் போன் திருத்தியாயிற்றா என்று கேட்டான்.
"பின்னேரம் வாங்க" என்றான் தவநேசன்.
அதை மட்டும் சிங்களத்தில்.

ஐந்து டாலரை மேசையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.
நடு மடிப்பில் நூலளவு கிழிசல்.
கிழிந்த நோட்டுக்கு நாங்கள் விலை குறைப்போம்.
லாச்சியில் வைத்திருக்கிறேன்,
நாளை கேட்டால் கொடுக்க.