தை வரைக்கும்

ஆறு என்று சொன்னால் சிரிப்பார்கள்.
பங்குனியில் பையன்கள் அதற்குள்
ஸ்டம்பு நட்டு ஆடுவார்கள்.
குளம்பு நனையாமல் எருமைகள் அக்கரை போகும்.
முடிச்சூர் தாண்டி, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால்,
அடையாறு இன்னும் பெயரெடுக்காத இடத்தில்
எங்கள் மனை.
விற்றவன் சொன்னான்:
"ஆத்துக் காத்துக்கே சதுரடிக்கு நூறு ரூபா கூட."
காற்றுக்குக் கொடுத்தோம்.
தண்ணீரைப் பற்றி அவன் பேசவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு.
எத்தனை முறை வெள்ளை அடித்தாலும்
நாலாம் மாதம் மேலே வந்துவிடும்.
பெயிண்டர் ஜெபமாலைதான் யோசனை சொன்னார்:
கோட்டுக்குக் கீழே காப்பிக்கொட்டை நிறத்தில் எனாமல்,
மேலே சந்தனம்.
வருகிறவர்கள் "டிசைன் நல்லாருக்கே" என்கிறார்கள்.
ஆமாம்,
ஆறு போட்டுக் கொடுத்த டிசைன்.

ஐப்பசி பிறந்தால் பால் பாக்கெட் எடுக்கும்போதே
ஏரி எத்தனை அடி என்று கேட்டுக்கொள்வேன்.
இருபது என்றால் அரிசி மூட்டை பரணுக்கு.
இருபத்தொன்று என்றால் ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல்.
வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு,
இவருடைய பி.எஃப். காகிதம்
எல்லாம் குக்கருக்குள்.
காஸ்கெட் போட்டு மூடி, வெயிட்டும் வைத்துவிடுவேன்.
அதுவரை சோறு பானையில் வடிப்பது.
"மூணு விசில் வந்தா இறக்கிடு" என்பார் தணிகாசலம்.
எல்லா வருஷமும் அதே ஜோக்.
எல்லா வருஷமும் சிரித்துத் தொலைக்கிறேன்.

தையல் மிஷின்தான் எதற்குள்ளும் அடங்காது.
அது மாடிக்குப் போயாக வேண்டும்.

மாடியில் ரமீஜா.
சித்திரையில் எங்களுக்குள் மோட்டார் தகராறு,
அவள் தொட்டி வழிகிறது, என் குழாயில் காற்று வருகிறது.
நான் ஒன்று சொன்னேன்.
அவள் இரண்டு சொன்னாள்.
மூன்றாவதை நான் சொல்லியிருக்கக் கூடாது.
அதற்கப்புறம் ஆறு மாதம்
படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும்.
அவள் கொடுத்த அளவு ரவிக்கையும்
மயில்கழுத்துத் துணியும்
கத்திரி படாமல் என் அலமாரியில்.

அன்று சாயங்காலம் இருபத்தொன்றரை.
ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டே போனார்கள்:
"கரையோர மக்கள் பாதுகாப்பாக..."
எங்கள் தெருவில் யாரும் கரையோர மக்கள் இல்லை.
எல்லோரும் நகர், அவென்யூ, எக்ஸ்டென்ஷன்.

கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாமென்று உட்கார்ந்தேன்.
கை சேர்த்து, கழுத்துப்பட்டி அடித்து,
கொக்கி கட்டும்போது
பாதத்துக்குக் கீழே தரை குளிர்ந்தது.
ஆறு வாசல் வழியாக வராது எங்களுக்கு.
கடன் கேட்கும் சொந்தக்காரன் மாதிரி
பின்பக்கமாக,
குளியலறைச் சாக்கடை வழியாக வரும்.

ரவிக்கையை எடுத்துக்கொண்டு படியேறினேன்.
தட்டுவதற்குள் கதவு திறந்தது.
வாங்கினாள். பிரித்துப் பார்க்கவில்லை.
கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.
ஜன்னலோரம் சோபா நகர்ந்திருந்தது.
அந்த இடத்தில் செய்தித்தாள் விரித்து
என் மிஷின் அளவுக்கு ஒரு காலி.
பக்கத்திலேயே ஒரு குக்கர் அளவுக்கு இன்னொன்று.
குனிந்து பார்த்தேன்,
செய்தித்தாளில் தேதி ஐப்பசி ஒன்று.

"பெல்ட்டக் கழட்டிட்டுத் தூக்கச் சொல்லுங்க அண்ணன.
படி திரும்புற எடத்துல மாட்டும்."
ஆறு மாதத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

ராத்திரி இரண்டாம் படி வரை வந்தது.
மூன்றாம் படியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு
எங்களைப் போலவே ஏறி வந்து
என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது.
டார்ச் அடித்து மாற்றி மாற்றிப் பார்த்தோம்.
அவள் டீ போட்டாள். சர்க்கரை கூட.
சொல்லவில்லை.

விடியலில் வடிந்தது.
இந்த வருஷம் கோடு வரைக்கும் வரவில்லை.
எனாமலில் சேறு துடைத்தால் போகிறது,
ஜெபமாலைக்குப் புண்ணியம்.

"மார்கழி முடியட்டும், மிஷின் இங்கயே இருக்கட்டும்" என்றாள்.
மத்தியானங்களில் மேலே போய்த் தைக்கிறேன்.
அந்த ஜன்னலிலிருந்து ஆறு தெரிகிறது.
பன்னிரண்டு வருஷத்தில்
அதை மேலிருந்து பார்ப்பது இப்போதுதான்.

மோட்டார் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.
இன்று காலையும் தொட்டி வழிந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
தை பிறக்கட்டும்,
சண்டைக்கும் ஒரு வழி பிறக்கும்.